அகமதாபாத்தில் உறங்கிய ஒலிநாடாக்கள்

நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, இக்காலத்து இளைஞர் காதுகளை அடைத்துக்கொண்டு கேட்கும் சில இசைகள் இசையாகவே தோன்றுவதில்லை. இரும்பை இரும்பால் அறைவது போன்றதோர் ஓசை. தறி ஓடுவது போன்ற ஓயாத அடி. இடையிடையே நீராவி சீறுவது போன்ற இரைச்சல். பாட்டும் இல்லை, பாடுவாரும் இல்லை. “இதென்ன, பக்கத்துக் கராஜிலே வேலை நடக்கிறதா?” என்று வீட்டுப் பெரியவர் கேட்பார், பிள்ளைகள் நகைப்பர். ஆனால் பெரியவரின் கேள்வி நகைப்பிற்குரியது அன்று. இவ்விசைக்கு வழங்கும் பெயரே “இண்டஸ்ட்ரியல் டெக்னோ” என்பது. தொழிற்சாலையின் ஓசையிலிருந்து பிறந்த இசை என்பதே அதன் பொருள்.

அதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நாம் சொல்லவந்ததற்குச் செல்வோம். 1913ஆம் ஆண்டில் இத்தாலிய ஓவியரான லூயிஜி ருஸ்ஸோலோ, இயந்திர யுகத்தின் செவிக்கு வயலினும் குழலும் போதா, இரைச்சலையும் இசையாக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். 1948இல் பாரிஸ் வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேஃபர், புகையிரதங்களின் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி ஓர் இசையுருப்படி ஆக்கினார். 1976இல் இலண்டனில் ஒரு சிறு குழுவினர் தம் இசைத்தட்டு நிறுவனத்துக்கு “இண்டஸ்ட்ரியல் றெக்கோட்ஸ்” என்று பெயரிட்டனர், பெயர் நிலைத்துவிட்டது. 1980களில் அமெரிக்காவின் மோட்டார் நகரமாகிய டெட்ரோயிட்டில் யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் முதலிய கறுப்பின இளைஞர் தாளப் பொறிகளைக் கொண்டு “டெக்னோ” என்னும் நடன இசையைத் தோற்றுவித்தனர். 1990களில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தார் இவ்விரண்டையும் உருக்கி ஒன்றாக்கினர். பேர்லின் நகரில் அது வேரூன்றிய விதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அந்நகரின் டெக்னோப் பண்பாட்டை ஜேர்மனி 2024இல் தன் தேசியப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

பாரிஸ், இலண்டன், டெட்ரோயிட், பேர்மிங்ஹாம், பேர்லின். இந்த வரலாற்றை எழுதியோர் எல்லோரும் ஏறக்குறைய இவ்வூர்களையே சுற்றிவந்தனர். ஆசியாவுக்கு அதில் இருந்த இடம், பொறிகளைச் செய்து கொடுத்த ஜப்பானின் இடம் மாத்திரமே. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு இப்பட்டியலில் எவரும் எதிர்பாராத ஓர் ஊரைக் கொண்டுவந்து சேர்த்தது. அவ்வூர் குஜராத்திலுள்ள அகமதாபாத்.

தட்டின் பெயர் “என்.ஐ.டி. நாடாக்கள்: இந்தியாவிலிருந்து இலத்திரனியல் இசை, 1969–1972” என்பது. என்.ஐ.டி. என்பது 1961இல் அகமதாபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைக் குறிக்கும். இதனைத் தொகுத்தவர் போல் பர்கஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர். அவர் யார் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். ஜேம்ஸ் கின்ஸ்பேர்க் என்பாருடன் சேர்ந்து “எம்ப்டிசெட்” என்ற பெயரில், நாம் மேலே சொன்ன இரும்போசை இசையையே ஆக்கிவந்தவர் அவர். பாழடைந்த மாளிகை போன்ற இடங்களுக்குக் கருவிகளைக் கொண்டு சென்று, அக்கட்டடங்களின் எதிரொலியையே இசைக்கருவியாகக் கொள்வது அவ்விருவரின் வழக்கங்களில் ஒன்று. இத்தகைய செவி படைத்தவர் அகமதாபாத் நிறுவனத்தின் சுவடிக்காப்பகத்தை ஆராயப் புகுந்தபோது, ஏறத்தாழ அரை நூற்றாண்டாக எவரும் போட்டுக் கேளாத ஒலிநாடாச் சுருள்கள் 20க்கும் மேற்பட்டவை அங்கிருப்பதைக் கண்டார். அவற்றில் இருந்தது என்ன என்பதை அறிய, நாம் 1946ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அகமதாபாத்தின் ஆலை அதிபர் குடும்பமாகிய சாராபாய் குடும்பத்தைப் பலர் அறிவர். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தையெனப் போற்றப்படும் விக்கிரம் சாராபாய் அக்குடும்பத்தவர். அவருடைய சகோதரி கீதா சாராபாய் அம்மையார் இசையில் தேர்ந்தவர். பெண்கள் தொடத் தயங்கிய பக்கவாஜ் என்னும் மிருதங்க இனத்து வாத்தியத்தை முறையாகப் பயின்று வாசித்த முதற் பெண்டிருள் ஒருவர். மேனாட்டிசையின் செல்வாக்கால் நம்மிசைக்கு யாது நேருமோ என்ற கவலை அவருக்கு உண்டு. பிறரைப்போல் கவலைப்பட்டுக்கொண்டே வீட்டில் இராமல், அந்த இசைதான் என்ன என்று கற்றே தீர்வதென 1946இல் நியூ யோர்க் சென்றார். அங்கே ஜோன் கேஜ் என்னும் இளம் இசையாசிரியர் அவருக்கு மேனாட்டிசை கற்பிக்க இசைந்தார். பணம் வேண்டாம், அதற்கு ஈடாக இந்திய இசையைத் தமக்குக் கற்பித்தாற் போதும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

இசையின் பயன் யாது என்று கேஜ் அக்காலத்தில் மனம் குழம்பியிருந்தார். தம் குருநாதர் தமக்குச் சொன்னதைக் கீதா அம்மையார் அவருக்குச் சொன்னார்: மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்வ அருள் படிவதற்கு அதனைத் தகுதியாக்குவதே இசையின் பயன் என்பது அதன் சாரம். சில மாதங்களின் பின் ஊர் திரும்புகையில் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச நூலை அவருக்குப் பரிசாகக் கொடுத்துச் சென்றார். இவ்விரண்டும் தம் வாழ்க்கையை மாற்றியதைக் கேஜ் பிற்காலத்தில் பன்முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1952 ஆகஸ்ட் 29ஆந் தேதி, நியூ யோர்க் மாகாணத்து வூட்ஸ்டொக் என்னும் ஊரில், பியானோவின் முன்னமர்ந்த ஒருவர் 4 நிமிடமும் 33 விநாடியும் ஒரு சுரமேனும் வாசியாது இருந்து எழுந்து சென்றார். உலகம் இன்றும் வாதிடுகின்ற அந்த மௌன உருப்படியை ஆக்கியவர் கேஜ். வாசியாமல் வாசித்தவர் டேவிட் டியூடர்.

அந்த டியூடரே 1969இல் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இந்தியாவின் முதலாவது இலத்திரனியல் இசைக்கூடத்தை அமைக்கத் துணைநின்றார். அவர் அவ்வூருக்குப் புதியவரும் அல்லர். 1964இல் மேர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழுவுடன் வந்து சாராபாய் குடும்பத்தின் விருந்தினராய் இருந்தவர். ஆகவே, மேனாட்டார் ஒருவர் பொறியொன்றைக் கொண்டுவந்து கீழ்நாட்டாருக்குக் காட்டினார் என்று இக்கதையைச் சொல்வது முறையாகாது. ஓர் இந்தியப் பெண்மணி 1946இல் கொண்டுசென்று கொடுத்ததொன்று, 23 ஆண்டுகள் சென்று, வேறு வடிவத்தில் அவருடைய ஊருக்கே திரும்பிவந்தது என்பதே பொருந்தும்.

திரும்பிவந்த வடிவம் மோக் சிந்தசைசர் என்னும் ஒலியாக்கப் பொறி. (அதனை ஆக்கிய ரொபேர்ட் மோக்கின் பெயரை “மூக்” என்று படிப்பது பரவலான பிழை.) அக்காலத்து மோக் ஓர் அலுமாரியளவு பருமன் கொண்டது. அதன் முகப்பு முழுவதும் திருகுகளும் துளைகளும். இன்ன பகுதியின் மின்சாரம் இன்ன பகுதிக்குச் செல்க எனக் கம்பிகளைத் துளைகளிற் செருகியே கட்டளையிட வேண்டும். பழைய தொலைபேசி நிலையங்களிற் பெண்கள் கம்பி மாற்றிய காட்சியைப் படங்களிற் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். ஒரே சமயத்தில் ஒரு சுரத்தையே அதன் விசைப்பலகை எழுப்பும். கம்பிகளைக் கழற்றிவிட்டால் அந்த ஒலி போயே போய்விடும். அதை நினைவில் வைத்துக்கொள்ளப் பொறிக்கு வழியில்லை. ஆகவே நாடாவிற் பதிந்ததே எஞ்சும். பதியாதது காற்றோடு போகும்.

பௌதிகம் பயிலும் மாணவர்க்கு அதன் உள்ளமைப்பு கடினமானதன்று. அலையம் என்னும் உறுப்பு மின்னலையைப் பிறப்பிக்கும். அதற்கு ஊட்டும் மின்னழுத்தம் ஓர் உவோற்றினால் உயர்ந்தால் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி உயரும். பிறந்த அலை வாள்பல் வடிவினதாயின், ஆதார சுருதியுடன் அதன் இசைச்சுரங்கள் யாவும் அதனுள் அடங்கியிருக்கும். அடுத்துள்ள வடி, அவற்றில் வேண்டியவற்றை விடுத்து வேண்டாதவற்றைத் தடுக்கும். வடியை மெல்லத் திறந்து மூடுகையில் ஒரே சுருதியின் உள்ளிருந்து வண்ணவண்ணமாய்ச் சுரங்கள் மலர்ந்து மறையும். இது நமக்குப் புதுமையா? தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் ஜீவாளி நூலை வைத்து இப்புறம் அப்புறம் நகர்த்துகையில் நிகழ்வதும் இதுவே. நூல் செய்த வேலையை மின்சாரம் செய்கிறது. தம்புராவிற்குச் சுருதி கூட்டக் கற்ற ஒருவர் மோக்கின் முன்னமர்ந்தால், ஒரு மேனாட்டுப் பியானோக்காரரைவிட விரைவில் அதனோடு பழகிவிடுவார் என்றே நாம் நம்புகிறோம்.

இத்தட்டில் அந்த நம்பிக்கைக்குச் சான்று இருக்கிறது. ஐ. எஸ். மாத்தூர் என்பாரின் உருப்படியொன்றுக்கு “முன்பொருகால் யான் தம்புரா வாசித்தேன்” என்ற கருத்தில் ஆங்கிலத்திற் பெயர். அவருடைய மற்றொன்று “என் பறவைகள்”. ஜின்ராஜ் ஜோஷிபுரா என்னும் இளம் மாணவர் “ஸ்பேஸ் லைனர் 2001” எனத் தலைப்பிட்டு விண்கலப் பயணமொன்றைக் கற்பனை செய்தார். மனிதன் சந்திரனில் கால்வைத்த ஆண்டில் அவ்விசைக்கூடம் தோன்றியது என்பதையும், அதே நகரிலிருந்தே விக்கிரம் சாராபாய் விண்வெளித் திட்டங்களை வகுத்தார் என்பதையும் நினைத்தால் இத்தலைப்பு வியப்பளிக்காது. 1970இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக அதுல் தேசாய் ஆக்கிய பதிவுகளும் உள்ளன. கீதா அம்மையாரின் உருப்படியும், டியூடரின் சோதனைகளும் உள்ளன. எஸ். சி. சர்மாவின் “போருக்குப் பின்” என்ற உருப்படியை, அத்தலைப்பின் காரணமாகவே, நம் நாட்டு வாசகர் பிறரினும் வேறாகக் கேட்பர்.

அதே சர்மா “டான்ஸ் மியூசிக்” என்னும் தலைப்பிலும் உருப்படிகள் ஆக்கியுள்ளார். இவையே இத்தட்டைப் பற்றி எழுதியோரைத் திடுக்கிடச் செய்தவை. ஒரு சிறு அடியமைப்பு. அது மீண்டும் மீண்டும் வருகிறது. வருந்தோறும் அதன் நிறம் சற்றே மாறுகிறது. பாட்டில்லை, இராக ஆலாபனை இல்லை. சற்று வேகத்தைக் கூட்டி, பெருமுரசொன்றைக் கீழே வைத்தால், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் டெட்ரோயிட் இளைஞர் செய்ததன் உறவினன் என்று சொல்லத் தோன்றும்.

இந்த இடத்தில் நம் மாணவர் ஒரு சொல்லைச் சொல்லத் துடிப்பர் என்பதை அறிவோம்: “டெக்னோவைக் கண்டுபிடித்தவர் நாமே!” அதனை நாம் ஒப்பமாட்டோம். முந்திப் பிறந்தது என்பது ஒன்று; மூதாதை என்பது வேறொன்று. சர்மாவின் நாடா அகமதாபாத்தைவிட்டு வெளியே செல்லவில்லை. டெட்ரோயிட்டில் எவரும் அதனைக் கேட்டதில்லை. கேளாத ஒன்றிலிருந்து எவரும் கற்க முடியாது. டெட்ரோயிட் இளைஞர் தம் ஊரின் வறுமையிலிருந்தும், மூடிய ஆலைகளிலிருந்தும், ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழுவின் இசையிலிருந்தும், தம் சொந்தப் புத்தியிலிருந்தும் அதனை ஆக்கினர். அப்புகழைப் பறித்து நம் மார்பிற் குத்திக்கொள்வது, இதுகாறும் நம் பெயரை விட்டெழுதிய வரலாற்றாசிரியரின் தவற்றையே திருப்பிச் செய்வதாகும். கீதா அம்மையாரிடமிருந்து கேஜுக்குச் சென்றதோ உண்மையான கொடை. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், ஆண்டு எது என்பன ஐயமின்றித் தெரியும். பெருமைப்பட வேண்டுமாயின் அங்கே படலாம்.

இதே வினா 2010இலும் எழுந்ததுண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் (1940–2015) என்பவர், 1982இல் பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தார் செய்த மூன்று பொறிகளே அதன் பக்கவாத்தியங்கள்: ஜூபிட்டர் 8 என்னும் சிந்தசைசர், டி.ஆர். 808 என்னும் தாளப் பொறி, டி.பி. 303 என்னும் மந்தர சுரப் பொறி. கடைசியிற் சொன்ன 303, கிட்டார் கற்போர்க்குத் துணைவாத்தியமாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது உதவாதெனக் கண்டு வாங்குவாரின்றி, 1984இல் உற்பத்தியே நின்றது. பழம்பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதனைச் சிக்காகோ இளைஞர் வாங்கி, திருகுகளைத் தாறுமாறாய்த் திருகியபோது நெளிந்து பிறந்த ஒலியே, 1987இல் “அசிட் ஹவுஸ்” என்ற புது இசையாயிற்று. சரண்ஜித் சிங்கோ ஐந்தாண்டுகளுக்கு முன்னரே அதே பொறியிலிருந்து அதே நெளிவை எடுத்திருந்தார். இராகத்தின் கமகத்துக்குப் பொறியில் எது வளைந்துகொடுக்கும் என்று தேடிய கைக்கு அந்நெளிவு அகப்பட்டது இயல்பே. அவர் தட்டு அன்று விலைபோகவில்லை. ஹொலண்ட் நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அதனைக் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்தபின், முதியவராகிய சிங் ஐரோப்பிய மேடைகளில் அதனை வாசித்தார். அவரும் சிக்காகோவின் மூதாதை அல்லர். கூப்பிடு தூரத்தில் இல்லாத இரு ஊர்களில் ஒரே பொறி ஒரே கதவைத் திறந்தது, அவ்வளவே.

சரண்ஜித் சிங்குக்காவது தம் வாழ்நாளில் அம்மேடை கிட்டியது. கீதா அம்மையார் 2011இலேயே காலமானார். அவர் ஆக்கியது தட்டாய் வெளிவந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. 1972உடன் இசைக்கூடத்தின் பணி ஓய்ந்தது. பொறி ஓய்ந்தால் மற்றொன்று வாங்கலாம். ஆனால் மூன்றாண்டுகளாக ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டு, அதன்மேல் இவர் ஒன்று செய்து வளர்ந்துவந்த ஒரு சிறு கூட்டத்தின் பேச்சு நடுவில் அறுந்தது. சர்மாவின் நாடாவை ஒரு பம்பாய் இளைஞனோ, ஒரு சென்னை இளைஞனோ 1975இல் கேட்டிருந்தால் அதன்மேல் என்ன கட்டியிருப்பான் என்பதை நாம் அறியப்போவதில்லை.

நாடாக்கள் எஞ்சியதே பெரும் பேறு. ஒலிநாடா என்பது பிளாத்திக்குப் பட்டியின்மேல் இரும்பு ஒட்சைட்டுத் தூளைப் பசையால் ஒட்டிய பொருள். ஈரக்காற்றுப் பட்டால் சிலவகை நாடாக்களின் பசை நீரையுறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே கருவியிற் போட்டு ஓட்டினால் தூள் உதிர்ந்து, பதிந்த குரலும் அதனோடு உதிர்ந்துவிடும். நெடுங்காலம் சுற்றியபடியே கிடந்தால் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றிற் படிந்து, வரப்போகும் சொல் முன்கூட்டியே மெல்லக் கேட்கும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் மாரிக்குளிரும் நாடாவுக்கு நண்பர்கள் அல்ல. பாட்டியார் பாடிய தேவாரம், வெளிநாடு போனவர் குரலிற் பேசியனுப்பிய கடிதம், கோயிற் திருவிழாவில் ஒரு வித்துவான் வாசித்த மல்லாரி என்று பதிந்த கசெற்றுக்கள் பல வீடுகளின் பெட்டிகளில் இன்னும் உள்ளன. அவற்றைக் கண்டெடுப்போர் ஆர்வமிகுதியால் உடனே ஓட்டிப் பாராமல், பூஞ்சணமோ பிசுக்கோ உண்டா என்று நோக்கி, அறிந்தவரிடம் கொடுத்து முதல் ஓட்டத்திலேயே கணினிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். சில நாடாக்களுக்கு இரண்டாம் ஓட்டம் என்பது கிடையாது.

இனி, தட்டின் தரம் பற்றி. அதில் உள்ளவை எல்லாம் சிறந்தன என்று சொல்லி வாசகரை நாம் ஏமாற்ற விரும்பவில்லை. பல, பொறியின் முன் முதன்முதல் அமர்ந்தவரின் பயிற்சிகள். சரளி வரிசையைக் கச்சேரியென்று கொள்ள முடியாது. சிலவற்றைக் கேட்கையில், திருகைத் திருப்பினால் என்ன வரும் என்று பார்த்த கையின் ஆவலைத் தவிர வேறொன்றும் நமக்குப் புலப்படவில்லை. ஆனால் அந்த ஆவலே கேட்பதற்கு இனிது. தவறு செய்தால் நகைப்பார் எவருமில்லை, பின்பற்ற வேண்டிய முன்னோர் எவருமில்லை என்ற விடுதலை அவற்றில் ஒலிக்கிறது. இன்றைய தொழிற்சாலை இசையில் கைத்திறன் எவ்வளவோ மிகுதி. அந்த விடுதலை குறைவு என்பது எம் கருத்து.

கேட்க விரும்புவோர்க்கு ஒரு முறை சொல்வோம். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கி இதற்கு உதவாது. கீழ்ச்சுருதிகள் அதில் எழா. நல்ல காதணிக்கருவி வேண்டும். முதலில் மாத்தூரின் தம்புரா உருப்படியைக் கேளுங்கள். அடுத்து சர்மாவின் “டான்ஸ் மியூசிக்”. அதன்பின் சரண்ஜித் சிங்கின் தட்டில் பூபாளியையும் மால்கௌன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். அதே தட்டில் “தோடி” என்றிருப்பதைக் கண்டு நம் தோடியை எதிர்பார்க்க வேண்டாம்; வடநாட்டார் அப்பெயராற் குறிப்பது நம் சுபபந்துவராளியை. இவற்றில் செவி பழகியபின் எம்ப்டிசெட் குழுவின் இரும்போசைக்கு வரலாம். இரைச்சலின் அடியில் ஒரு சுருதி அசையாது நிற்பதும், அதன் உள்ளிருந்து சுரங்கள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டுவதும் அப்போது தெரியவரும்.